திலகவதியின் முட்டிவலி

மலைப்பாதையின் மூன்றாவது திருப்பத்தில் கணவர் சோலையப்பன் நின்றதும், திலகவதி முட்டியைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பாடி, என்னால ஆகல. செத்த இருங்க.”

முன்னால் போன பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லமுத்து கழுத்தில் தொங்கிய விசிலை ஒரு முறை ஊதினார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அன்னவாசலில் காலைநடைக் குழு தொடங்கிய நாளிலிருந்து, ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும்.

“மதினி இன்னொரு ஸ்டாப்பிங் கேக்குறாங்க! இது எக்ஸ்பிரஸ் மதினி, கண்ட எடத்துல நிக்காது.”

“நிக்காட்டி என்ன, நான் ஏற மாட்டேன். போங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சோலையப்பனும் மரத்தில் கைவைத்தபடி சிரித்தார். மூச்சை மெல்ல இழுத்து விட்டார். அவர் உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று திலகவதி ஓரக்கண்ணால் பார்த்தாள். இல்லை.

அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கும் தெரியாது. இந்த இருதயத்தில் இனிக் கத்தி வைக்க முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு மாதத்துக்கு முன் திருச்சியில் டாக்டர் சொல்லிவிட்டார். குழுவில் காய்ச்சல் என்று சொல்லி வைத்தார்கள். கத்தாரிலிருந்து மகன் அரவிந்த்குமார் தினமும் போன் செய்து, அப்பா படுத்திருக்கிறாரா என்று கேட்டான். படுத்துத்தான் இருந்தார். படுத்தபடியே ஒரு நாள் சொன்னார்:

“முப்பது வருசம் போர் வண்டியில போயி, எண்ணூறு அடி, ஆயிரம் அடினு தண்ணிய கீழயே தேடியாச்சு. அது மேல இருந்து தானா விழுறத ஒரு தடவ பாக்கணும் திலகா.”

அவர் போட்ட ஆழ்துளைக் குழிகளில் பாதிக்கு மேல் புழுதிதான் வந்தது. கார்த்திகை மழை விட்டதும் குழுவினர் பச்சமலை அருவிக்கு வேன் பிடித்தபோது, அவளே போய் இரண்டு பேர் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நோயைச் சொன்னால் வேனில் ஏற்ற மாட்டார்கள். அதனால் அவர் களைத்தபோதெல்லாம் அவளுக்கு முட்டி வலித்தது.

ஐந்தாவது முறை வலித்தபோது, பயணத்துக்கு ஏற்பாடு செய்த டீச்சர் சத்யா வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் முட்டியை அமுக்கிவிட்டாள்.

“அம்மா, இதுக்கு மேல ஒரே ஏத்தம். நீங்க இங்கயே இருங்க. அன்புமொழி அக்கா தொணைக்கு இருப்பாங்க. ஐயாவ நாங்க கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வாரோம். பாவம், ஒங்களுக்காக அவரும் நின்னு நின்னு வாராரு.”

அன்புமொழி அதற்குள் துண்டை விரித்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள்.

திலகவதி முட்டியை இழுத்துக்கொண்டாள். வலி போய்விட்டது என்றால் நம்ப மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் இங்கிருந்தே அவரைத் திருப்பிவிடுவார்கள். மேலே எங்கோ தண்ணீர் இரைவது கேட்டது. சோலையப்பன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போயிட்டு வாங்க,” என்றாள். எழுந்து போய், சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல், நாக்கடியில் வைக்கும் மாத்திரையை அவர் பைக்குள் தள்ளினாள். “மெதுவா போங்க. யாரு கூப்ட்டாலும் மெதுவா.”

“நீ இல்லாம அங்கிட்டு என்னத்த பாக்குறது?”

“பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “முட்டி ரொம்ப வலிக்கிதோ?”

“ரொம்ப.”

சிரித்துக்கொண்டே போனார். இரண்டு விசில்.

அன்புமொழி தன் மகளுக்கு வந்த வரன்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். திலகவதி ‘ம்’ கொட்டினாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். மேலே ஒரு விசில் கேட்டது. அவள் காத்திருந்தாள். அடுத்த விசில் வரவில்லை.

“சாப்புட ஒக்காந்துட்டாங்க போல,” என்றாள் அன்புமொழி.

இரண்டு வேட்டிகளை முடிந்த தூளியில் அவரை இறக்கிக்கொண்டு வந்தார்கள். சத்யா முன்னால் ஓடி வந்து திலகவதியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“மன்னிச்சிருங்கம்மா. நல்லாத்தானே இருந்தாரு. நாங்கதான் ஒங்களைய விட்டுட்டு அவர மட்டும்...”

“அழாத தாயி. டாக்டரு எப்பவோ சொல்லிட்டாரு. எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். ஒங்ககிட்டதான் மறச்சுட்டேன். அரவிந்துக்கும் நானே சொல்றேன். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

அன்புமொழி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அப்ப, முட்டி?”

“முட்டிக்கு ஒண்ணுமில்ல.”

தூளியைச் சருகின்மேல் இறக்கினார்கள். செல்லமுத்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

“நேரா போயி தண்ணிக்கு அடியில நின்னாரு மதினி. வெளிய வரவே மனசில்ல. ‘பைப்பு எறக்காமயே வருது பாரு செல்லமுத்து’னு ஒரே சிரிப்பு. பெறகு வெயிலுக்குப் பாறையில சாஞ்சாரு. எலுமிச்சஞ்சோத்த நீட்டுனேன். ‘இரு, திலகா வரட்டும்’னாரு. அவுக கீழல்ல இருக்காகனு சொன்னேன். கண்ண மூடிக்கிட்டாரு. தூங்குறாருனுதான் நெனச்சேன்.”

திலகவதி கேட்டாள். “தண்ணி நெறையவா விழுந்துச்சு?”

“கொட்டுது மதினி. கொட்டிக்கிட்டே இருக்கு.”

அவள் தலையசைத்தாள். தூளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சோலையப்பனின் தலைமுடி இன்னும் சொதசொதவென்று இருந்தது. காதோரம் நீர் இறங்கி, சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. அவள் முந்தானையை எடுத்து, முன்தலையிலிருந்து துவட்டத் தொடங்கினாள். உச்சியைத் துவட்டி, பிடரியைத் தூக்கித் துவட்டி, காதுக்குப் பின்னால் விரலைவிட்டு ஒற்றி எடுத்தாள். வேட்டி முனைகளைப் பிடித்து வந்த நான்கு பேரும், அவள் முடிக்கட்டும் என்று நின்றார்கள்.