மாதுளைச் சாயத்தில் பதிந்த கை

தொழிற்பள்ளியின் சாயப் பிரிவு மாணவிகள் வாசலோடு நின்றுவிட்டார்கள். முந்தின நாள் மாதுளைத் தோல் சாயத்தில் தோய்த்துக் கொடியில் போட்டிருந்த மஞ்சள் துணிகள் ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. இந்த வாரத்தில் இது முதல் தடவை அல்ல.

"செத்துப்போன பழைய டீச்சர்தான் வந்துட்டுப் போறாங்க," என்றாள் வகுப்பின் வாயாடி.

"வந்தா வரட்டுமே. உன்னை மாதிரி மட்டம் போடலையே!" என்றார் புது டீச்சர். ஒருத்தியும் உள்ளே வரவில்லை. வகுப்பு நடக்காவிட்டால் பிரிவையே மூடிவிடுவதாக முதல்வர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் பாதிப் படிப்போடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

டீச்சருக்கு ரசாயனம் தெரியும். மாதுளைத் தோலின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும். அப்படியானால் இது இரும்புத் தூள் ஒட்டிய கை, உயிருள்ள கை. புதுத் துணிகளைத் தோய்த்துப் போட்டுவிட்டு, பள்ளி விட்டதும் கதவுக்குப் பின்னால் காத்திருந்தார்.

வந்தவர் பக்கத்துக் கட்டடத்து வெல்டிங் மாஸ்டர், பழைய டீச்சரின் கணவர். ஓரத்து ஈரத்துணியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாஸ்டர்..."

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா. அவ கையில எப்பவும் இந்த வாசனைதான் இருக்கும்."

டீச்சருக்கு மனம் இளகியது. "நாளைக்கு வகுப்புக்கே வாங்கண்ணே. பிள்ளைங்க முன்னாடி கையை வெச்சுக் காட்டுங்க. பாடமும் ஆச்சு, பயமும் போச்சு."

தலையாட்டியவர் கொடியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நான் இந்த ஓரத்துத் துணியை மட்டும்தானேம்மா தொடுவேன்?"

மற்றத் துணிகளில் கறுப்புக் கறை மெல்ல உருவெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் குறுகிய உள்ளங்கை, மெலிந்த விரல்கள்.

 டீச்சருக்கு ஓடிவிடத்தான் தோன்றியது. மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் கால் எழவில்லை. கடவுளை நினைத்துக்கொண்டு, இன்னொரு வெள்ளைத் துணியைச் சாயத்தில் முக்கிப் பிழிந்து, கொடியின் மறுமுனையில் தனியாக விரித்துப் போட்டார்.

"இது உங்களுக்குத்தான் டீச்சர்," என்றார், ஆளில்லாத பக்கம் பார்த்து. "பிள்ளைங்க துணியை விட்டுடுங்க. பாவம், பயப்படுதுங்க."

கறைபட்ட துணிகளை எடுத்துவிட்டு, புதிதாகத் தோய்த்தவற்றைக் கொடியில் போட்டார்.

காலையில் அவை பளிச்சென்று மஞ்சளாக இருந்தன. தனியாக விரித்த துணியில் மட்டும் கைமேல் கையாக, மஞ்சளே தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தது. மாஸ்டர் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் கை வைத்துக் காட்ட, பாடம் நடந்தது. இரும்புத் தூளைக் கையில் பூசிக்கொள்ள வாயாடிதான் முதலில் முண்டியடித்தாள்.

"டீச்சர், கொடியில அந்த முனை காலியா இருக்கே. என் துணியைப் போடட்டா?"

"வேணாம்டி கண்ணு. அது ஒருத்தங்களுக்குன்னு வெச்ச இடம்."