ரெனிட்டாவின் பழைய எக்ஸ்ரே

1

இந்தக் கதையில் பாதிதான் என்னுடையது. கோந்த்வாவில் ஒரு ஸ்கேன் சென்டரில் என் முழங்கால் படத்துக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் ஸ்பீக்கரில் தமிழ் பேசினாள். பூனாவில் தமிழ் காதில் விழுந்தால் நான் எழுந்து போகிற ஆள் இல்லை. கேட்டது கொஞ்சம், மீதியைக் கட்டினேன். ரெனிட்டா என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

‘அவள் நெஞ்சில் ஒரு நிழல்—’ என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். எடுத்ததுமே உங்களைப் பயமுறுத்துவானேன்? (இதில் யாரும் சாகப்போவதில்லை, கண்ணுகளா.)

2

ரெனிட்டா கண்டோன்மென்ட் பக்கத்தில் டீச்சர். கணவர் ஜார்ஜ் பக்கத்துச் சாகண் தொழிற்பேட்டை வேலையை விட்டு மஸ்கட் போனவர். அவரிடம் போய்ச் சேர விசா மெடிக்கல். அந்த எக்ஸ்ரேயில்தான் இதயத்துக்கு மேலே நிழல் தெரிந்தது. விசா நின்றது, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் ஆயிற்று.

டாக்டர் சொன்னதை அவள் ஜார்ஜிடம் ஒப்பித்தாள். மெல்லிய தோல், உள்ளே வெறும் நீர். மருந்து ஏற்றியும் சாயம் பிடிக்கவில்லை. இரத்தக் குழாய்களை நெருக்காமல் அவற்றைச் சுற்றி வளைந்து படுத்திருக்கிறது. நிணநீர்க் கட்டியாக இருக்கும், சாது, புற்று இல்லை, பிறவியிலேயே வந்திருக்கலாம். எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. பழைய படத்திலும் இதே அளவில் இருந்தால், இப்போதைக்கு அறுக்காமல் கண்காணிக்கலாம். விசாவுக்கும் எழுதித் தருவார்.

வேலையில் சேர்ந்தபோது எடுத்த படம் ஒன்று இருந்தது.

“ஏங்க, அந்த எக்ஸ்ரே எந்தப் பொட்டில இருக்கு?”

“அரே, மறந்துட்டியா? கிரகணம் பாக்க நாமதான வெட்டுனோம். உன் நெஞ்சு வழியாத்தான் நான் சூரியனையே பாத்தேன்.”

அவள் சிரித்தாள். ஒப்பிடப் படம் இல்லையென்றால் அறுவைதான் என்பது பிறகுதான் உறைத்தது.

(எக்ஸ்ரே வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் கெட்டுவிடும்.)

3

‘மொட்டை மாடியில் ஒரே எக்ஸ்ரே துண்டுக்காக இருவரும் முட்டிமோதி, அவர் கன்னம் அவள்—’

வேண்டாம். அது அவர்களுடையது.

4

ஒரு முடிவு எழுதினேன்: துண்டு ஒன்று அகப்படுகிறது, நிழல் அதிலும் அதே அளவில் இருக்கிறது, ரெனிட்டா விமானம் ஏறுகிறாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்று: ஜார்ஜுக்கு லீவு இல்லை, ரெனிட்டாவின் அக்கா ரீனா துணையிருக்க ஆப்பரேஷன், சோதனையிலும் சாதுக் கட்டி. நல்ல முடிவுதான். ஆனால் மயக்கம் தெளிந்து அவள் யாரைத் தேடுவாள் என்று வந்ததும் கை நின்றுவிட்டது.

என் காதில் விழுந்த கடைசிப் பேச்சு இது:

“அறுக்கிறதுக்குப் பயமில்லங்க. கண்ணு முழிக்கும்போது நீங்க இருப்பீங்களா?”

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

ஜார்ஜ் வாயில் வைக்க எனக்கு ஒரு சொல்லும் அமையவில்லை. உங்களுக்கும் தூரத்தில் ஒருவர் இருப்பார். அவர் குரலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.