ஆறாத பிஸ்கட் டப்பா

மூன்றாம் மாடித் தையற்காரி ஒரு கிறிஸ்துமஸுக்குச் சுட்ட நட்சத்திர பிஸ்கட்டுகள் பல வருஷம் ஆறவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய அதே சூட்டோடு, அவள் வீட்டு மேசைமேல் தகர டப்பாவுக்குள் இருந்தன. பிஸ்கட் ஆறினால்தான் மேலே ஐசிங் பூச முடியும். சூட்டில் பூசினால் உருகி வழிந்துவிடும். முதல் நாள் அவள் ஐசிங்கைக் குழைத்து வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை காத்திருந்தாள். ஐசிங்தான் காய்ந்து கல்லானது. டப்பாவைத் தூக்கி பிரிட்ஜில் வைத்தாள், பிரிட்ஜ் படுத்துவிட்டது.

அவை தங்கைக்காகச் சுட்டவை. பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட பிஸ்கட் என்றால் தங்கைக்கு உயிர். அந்த வருஷம்தான் அம்மா இறந்திருந்தாள். அடக்கத்துக்குத் தங்கை தாமதமாக வந்தபோது, "இப்ப எதுக்கு வந்தே?" என்று எல்லார் முன்னாலும் இவள் கேட்டுவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் திரும்பிப் போனவள், அதற்குப் பிறகு போனையும் எடுக்கவில்லை. வாய் தவறி வந்த வார்த்தை என்று தையற்காரி தன்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தாள். அது பொய். வேண்டுமென்றேதான் கேட்டிருந்தாள்.

சூட்டு விஷயம் கட்டடம் முழுக்கப் பரவியது. கீழ்வீட்டு பிளம்பர் ஈரக் காலுறையை டப்பாமேல் காயப்போட வந்தார். இரண்டாம் மாடி டீச்சர் மூட்டுவலிக்கு டப்பாவை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிளம்பர் மனைவி ஆசைக்கு ஒன்றைக் கடித்துவிட்டு, "அட்டையக் கடிச்ச மாதிரி இருக்கு" என்று துப்பினாள். கட்டடமே தையற்காரியை அக்கா என்றது. கூப்பிட வேண்டியவள் மட்டும் கூப்பிடவில்லை. வந்த வேலை முடிந்ததும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். ஒற்றைத் தட்டோடு உட்காரப் பிடிக்காமல் அவள் பல நாள் சாப்பிடாமலே படுத்தாள்.

ஏழாவது கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் தங்கை வந்து நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. "பஸ்ஸுல சரியான கூட்டம்" என்றாள், நேற்றுப் போய் இன்று வந்தவள்போல. தையற்காரி டப்பாவைத் திறந்து நீட்டினாள். தங்கை ஒன்றை எடுத்து ஊதி ஊதித் தின்றாள்.

"பட்டை கொஞ்சம் தூக்கல்க்கா."

"உனக்குன்னு போட்டதுதான். அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடி."

"சரி, விடு."

டப்பா மெல்ல ஆறியது. இருவருமாக ஐசிங் குழைத்து மீதிக்கெல்லாம் பூசினார்கள். இருட்டுமுன் தங்கை கிளம்பினாள். அடுத்த வருஷம் வருகிறேன் என்று குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதால், முகம் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கட்டடத்தில் துணி காயவில்லை, டீச்சருக்கு வலி கூடியது. தையற்காரியின் கதவை யாரும் தட்டவில்லை.

மறு கிறிஸ்துமஸுக்கு அவள் மறுபடி சுட்டாள். தங்கை வரவில்லை. புது வருஷம் பிறந்து ஒரு வாரமாகியும் டப்பாவைத் தொட்டால் விரல் சுட்டது. தையற்காரி மேசையருகே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, இரண்டாம் மாடிக்கு இறங்கி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டீச்சர், மறுபடி சூடு இருக்கு. ஆனா அரைமணியில எழுந்து ஓடக் கூடாது. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"நானும் தனியாத்தான் சாப்பிடப் போறேன், வா" என்று டீச்சர் தன் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். டப்பாவின் மூடிமேல் சட்டியை வைத்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.