மாப்பிள்ளையின் வாளி

ஏரிக்கு மீன் பிடிக்க வருகிற யாருடைய வாளியையும் மூடி திறந்து பார்க்காமல் படகுக்காரர் உள்ளே விட்டதில்லை. மருந்துக்கடைக்காரரானாலும் சரி, பெரிய அதிகாரியானாலும் சரி.

"சார், வாளியக் காட்டுங்க. உசுரோட குட்டி மீன் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

தூண்டிலில் மாட்ட மண்புழு கொண்டுவரலாம். உயிருள்ள மீன் கூடவே கூடாது. கேட்டில் பலகையே மாட்டியிருந்தார். "இதென்ன ஏர்போர்ட்டா?" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்! அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்.

ட்ரௌட் மீனுக்குப் பேர்போன ஏரி அது. எவரோ இரைக்குக் கொண்டுவந்த குட்டி மீனில் மிச்சத்தை அதில் கொட்டிவிட்டுப் போக, முள்ளன் என்ற அந்த மீன் பெருகியது. விரல் நீளம், முதுகெல்லாம் முள், வாயில் வைக்க லாயக்கில்லை. ட்ரௌட்டின் முட்டையையும் குஞ்சையும் தின்றே ஏரியைப் பிடித்துக்கொண்டது. வலை போட்டு அள்ளிப் பார்த்தார்கள், ம்ஹூம். கடைசியில் மீன்துறை ஆட்கள் வந்து ஏரி முழுக்க மீனைக் கொல்லும் மருந்து ஊற்றினார்கள். மருந்துக்கு நல்ல மீன், கெட்ட மீன் தெரியுமா? 'பெரியவர்' என்று அவர் செல்லமாகக் கூப்பிடும், வால் கிழிந்த கிழட்டு ட்ரௌட்டும் மிதந்தது. தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தண்ணீர் தெளிந்து, புதுக் குஞ்சு விட்டு, அது வளரும்வரை படகெல்லாம் கரையில் கவிழ்ந்தே கிடந்தன.

மறுபடி ஏரியைத் திறந்த ஞாயிற்றுக்கிழமைதான், அம்மா வீட்டுக்கு வந்திருந்த மகளை அழைத்துப்போக மாப்பிள்ளை வந்தார். மகள் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டு வழியாக வந்தவர் கண்ணில் கேட்டுப் பலகை எப்படிப் படும்? ஒரு கையில் புதுத் தூண்டில், இன்னொரு கையில் மூடி போட்ட வாளி. உள்ளே சலக் சலக்கென்று சத்தம்.

படகுக்காரருக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத மாப்பிள்ளையிடம் போய், மூடியைத் திற என்றா சொல்வது? முகம் சுருங்கினால்? நாளைக்கு அதையே மகளிடம் குத்திக்காட்டினால்? மனைவியைப் பார்த்தார். 'சும்மா இருங்க' என்று அவள் கண்ணாலேயே அதட்டினாள். மென்று விழுங்கிவிட்டார். மிச்சத்தை எப்படியும் திருப்பிக் கொண்டுவருவார், வாங்கி மண்ணில் கொட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

"பாத்து ஏறுங்க மாப்பிள்ள" என்று படகைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வெறும் வாளியோடு இறங்கினார்.

"இன்னைக்கு ஒண்ணுமே சிக்கல மாமா. மிச்ச குட்டி மீனெல்லாம் துள்ளிக்கிட்டு இருந்துச்சு. பாவம், பொழச்சுப் போகட்டும்னு தண்ணியிலயே விட்டுட்டேன்."

"எங்க புடிச்சீங்க அத?"

"எங்க வீட்டுப் பக்கத்துக் குட்டையில. முதுகெல்லாம் முள்ளு மாமா. பாருங்க, விரலக் கிழிச்சிருச்சு!"

"அடடா. மருந்து போட்டுக்கங்க மாப்பிள்ள" என்றார்.

அடுத்த கோடையில் மருந்துக்கடைக்காரரின் தூண்டிலில் முதல் முள்ளன் ஏறியது. "எந்தப் புண்ணியவான் பண்ண வேலைய்யா இது?" என்று அவர் கத்தினார். படகுக்காரர் தலை நிமிரவில்லை. இனி மறுபடி மருந்து, மறுபடி குழி.

அன்று மாலை மகள் போன் செய்தாள். "அப்பா, ஞாயித்துக்கிழம அவரும் மீன் புடிக்க வர்றாராம்."

"வரச் சொல்லும்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாளிய மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்றியா? உசுரு மீன் இங்க ஆகாதுன்னு... அவரு தப்பா எடுத்துக்காத மாதிரி சொல்லு."

மகள் சிரித்தாள். "இதுக்குப் போயி ஏம்ப்பா இப்படித் தயங்குறீங்க? போன தடவையே சொல்லியிருந்தா அப்பவே வண்டியிலயே வெச்சிருப்பாரு. அவரு இதெல்லாம் ஒண்ணும் நெனச்சுக்கவே மாட்டாருப்பா."