பஞ்சின் மேல் தூங்கிய நிழல்

மெத்தை தைப்பவரின் இளைய மகளை அவளுடைய மாமா தூக்கிக்கொண்டு போன அன்று, குழந்தையின் நிழல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. பஞ்சு விலை ஏறிக் கிடந்த வருடம் அது. மாமாவுக்குக் குழந்தை இல்லை. கடல் தாண்டி, வேறு பாஷை பேசும் ஊரில், அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு இருந்தார். குழந்தையின் அம்மாவான தன் அக்காவிடம் ஒரு பிள்ளையைக் கேட்டார். அக்கா சில நாள் கழித்துச் சரி என்றாள். கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று, பஞ்சுக் குவியலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அவர் அவசரமாக அள்ளினார். நிழலுக்கு விழிப்பு வரவில்லை. மத்தியானம் அம்மா பஞ்சை எடுக்க வந்தபோது அது ஒருக்களித்துக் கிடந்தது, கட்டைவிரல் வாயில். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "தபால்ல எடுப்பாங்களா இதை?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

நிழல் வளர்ந்தது. தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது, பிறகு சுவரிலேயே நடந்தது. பஞ்சைவிடக் கனமான எதையும் அதனால் தூக்க முடியாது. அந்த வீட்டிலோ வேலையே பஞ்சுதான் என்பதால் அது யாருக்கும் குறையாகப் படவில்லை. பட்டறையின் ஜன்னலோரம் அதன் இடம். அங்கே உட்கார்ந்து பஞ்சில் இருக்கும் கொட்டையைப் பொறுக்கும், பாதியில் மறந்துபோய்த் தெருவை வேடிக்கை பார்க்கும். அம்மா தலையணைக்குப் பஞ்சு திணித்தபடியே திட்டுவாள். "ஏண்டி சோம்பேறிக் கழுதை, தெருவுல என்ன பூதமா போகுது? எருமை மாடே, கையைப் பாருடி, கையை." நிழல் தலையைக் குனிந்துகொண்டு அவள் காலடிக்கு ஓடிவரும். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதன் தலை இருக்கும் இடத்தில் தரையைத் தட்டுவாள். இது காலையிலும் நடந்தது, மாலையிலும் நடந்தது, வருடக்கணக்காக நடந்தது.

மூத்த மகளை அம்மா திட்டியதில்லை. திட்டும்படி அவள் ஒன்றும் செய்ததில்லை. சொல்வதற்கு முன்பே தண்ணீர் பிடித்துவைப்பாள். உறைகளை அளவுவாரியாக மடித்துவைப்பாள். அம்மா அவளிடம் "வாம்மா", "சாப்பிடும்மா", "நீ ஏம்மா கஷ்டப்படுற" என்று, மெத்தை வாங்க வருகிறவர்களிடம் பேசுகிற குரலில்தான் பேசுவாள். மூத்தவள் ஒருநாள் வேண்டுமென்றே ஒரு தலையணையைக் கோணலாகத் தைத்துக் கொண்டுபோய் நீட்டினாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பரவாயில்லம்மா, களைச்சுப் போயிருப்ப. போய்ப் படு" என்றாள். அன்று மூத்தவள் நிழலின் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். அது நனையவில்லை. இன்னொரு நாள் அலமாரியை நகர்த்தி ஜன்னலோரத்தை அடைத்தாள். நிழல் அலமாரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கும் அம்மாவிடம் ஒரு வண்டி வசவு வாங்கிக்கொண்டது. மூத்தவள் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

அப்பா காலமானார். மாமாவும் அங்கே காலமானார். அதற்கடுத்த கோடையில் இளையவள் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். நல்ல உயரம். அம்மாவின் மூக்கு. உச்சி வெயிலில் நின்றாள், காலடியில் ஒன்றுமில்லை. இந்த வீட்டுப் பேச்சில் மாமா அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தவை தண்ணி, போதும், வேணும் ஆகிய சொற்கள்தான். அவற்றை வைத்துக்கொண்டு அவள், நெஞ்சைத் தொட்டு, தரையைத் தொட்டு, "வேணும்" என்றாள். வந்த காரியம் அதுதான். அந்த ஊரில் எல்லாம் இருக்கிறது, வெயிலில் நிற்கும்போது மட்டும் தான் அங்கே இல்லாததுபோல் இருக்கிறது என்பதை அவள் கையாலும் முகத்தாலும் சொன்னாள். அம்மாவுக்குப் புரிந்தது. "உன்னுதுதானே, கூட்டிட்டுப் போம்மா" என்றாள். இளையவளையும் அவள் வாம்மா போம்மா என்றுதான் கூப்பிட்டாள் என்பதை மூத்தவள் கவனித்தாள். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

கூட்டிக்கொண்டு போவது சுலபமாக இல்லை. "போடி அவகிட்ட" என்று அம்மா விரட்டினால் நிழல் இளையவளின் கால்வரை போகும். அவள் தன் பாஷையில் ஏதோ கொஞ்சிப் பேசுவாள். நிழல் மிரண்டு ஜன்னலுக்கே திரும்பிவிடும். தன் நிழலைக் கூப்பிட அவளுக்கு மொழி தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுக்கும் வேலை, அம்மாவுக்குப் பொறுமை இல்லாததால், மூத்தவளிடம் வந்தது.

நிழல் தொலைந்தால் போதுமென்று அவள் பல வருடங்களாக நினைத்ததுண்டு. ஆனால் அது இளையவளோடு ஒட்டிக்கொண்டால், பாதித் தங்கையாக இருந்தவள் முழுத் தங்கையாகிவிடுவாள். அந்த வசவெல்லாம் உடம்போடு இருக்கிற ஒருத்தியின் மேல் விழும். பாதியோடு அம்மாவைப் பங்கு போட்டதே போதும் என்றிருந்தது அவளுக்கு. ஆகவே மிக இனிமையான சொற்களாகத் தேர்ந்தெடுத்துக் கற்றுக்கொடுத்தாள். கண்ணே, என் தங்கமே, என் செல்லமே. உச்சரிப்பைப் பொறுமையாகத் திருத்தினாள். இளையவள் தினமும் சுவரின் முன் மண்டியிட்டு, "என் தங்கமே, வா" என்றாள். நிழல் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தது. அந்த வீட்டில் யாரும் யாரையும் தங்கமே என்று கூப்பிட்டதில்லை.

"சரியாத்தான் சொல்றேனா அக்கா?" என்று இளையவள் கேட்பாள். அதற்குள் அவ்வளவு பேசப் பழகியிருந்தாள்.

"ரொம்ப நல்லாச் சொல்ற. அதுக்குத்தான் கொழுப்பு" என்பாள் மூத்தவள்.

கோடை முடிந்தது. கப்பலுக்கு முந்தின நாள் ஒரு பெரிய மெத்தையை முடிக்க வேண்டியிருந்தது. மெத்தையை இரண்டு பெஞ்சுகளின் மேல் பாலம்போல் போட்டு, மேலிருந்து ஒருவர் நீள ஊசியைக் குத்த, கீழே படுத்திருக்கும் இன்னொருவர் அதை வாங்கி, நூலை இழுத்து, மேலே திருப்பிக் குத்த வேண்டும். இளையவள் தானே வருகிறேன் என்று கீழே போய்ப் படுத்தாள். மூத்தவள் மேலே நின்றாள். நிழல் ஜன்னலோரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்கு இவள் வெறுங்காலோடு போவாள், இது இங்கேயே கிடக்கும், அம்மா இதையே திட்டிக்கொண்டிருப்பாள் என்று எண்ணியபடி மூத்தவள் ஊசியை இடம் பார்க்காமல் குத்தினாள். அது விரலில் ஏறி, கீழே இருந்து இளையவளின் சத்தம் வந்தது.

"ஐயோ அம்மா! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? எருமை மாடே, எங்கடி பாத்துக்கிட்டுக் குத்துற? கையைப் பாருடி கழுதை, கையை!"

யாரும் கற்றுக்கொடுக்காத சொற்கள். கோடை முழுக்கப் பட்டறைச் சுவருக்கு மறுபக்கம் படுத்துக்கொண்டு, அம்மா நிழலைத் திட்டும்போது அவள் கேட்டவை. சொற்கள் மட்டுமல்ல, இழுப்பும் ஏற்றமும்கூட அம்மாவுடையவை. அடுப்படியில் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. நிழல் திடுக்கிட்டு எழுந்தது. வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு, சுவரிலிருந்து இறங்கி, மெத்தைக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு பாதங்களை நோக்கி ஓடியது. அங்கே உட்கார்ந்தது, பிறகு படுத்தது. இளையவள் விரலைச் சப்பிக்கொண்டு வெளியே வந்து எழுந்து நின்றபோது அதுவும் எழுந்து, தரையில் அவள் அளவுக்கு நீண்டது.

அவள் அதைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள். "மன்னிச்சிடுங்க அக்கா" என்றாள்.

"அது வேண்டாம்" என்றாள் மூத்தவள். அவள் கன்னம் இரண்டும் சூடாகியிருந்தன. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு குரல் அவள் மேல் விழுந்ததில்லை. "முதல்ல சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."

மறுநாள் இளையவள் நிழலோடு கப்பலேறினாள். அங்கே அவள் நன்றாக இருக்கிறாள் என்று தகவல் வருகிறது. இப்போதும் பாடுவது அந்தப் பாஷையில்தான், ஆனால் இடித்துக்கொண்டால் இந்தப் பாஷையில் கத்துகிறாளாம். பேருந்துக்காக அவள் சும்மா நிற்கும்போது நிழல் மட்டும் குனிந்து, தரையில் இல்லாத பஞ்சில் கொட்டை பொறுக்குகிறது என்றும், அந்த ஊர்க்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.

பட்டறையில் ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது. அம்மா பஞ்சு திணித்தபடி, பழக்கத்தில் அந்தப் பக்கம் வாயைத் திறப்பாள், பிறகு மூடிக்கொள்வாள். மூத்தவள் அதைப் பல நாள் பார்த்தாள். ஒருநாள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகையில் குடம் வழக்கத்தைவிட லேசாக இருப்பதுபோல் தோன்றியது. தரையைப் பார்த்தாள். அவளுடைய நிழல் அங்கே இல்லை. அது ஜன்னலோரம் போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மூத்தவளுக்கு முதலில் அதன் மேலும் பொறாமை வந்தது. பிறகு குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் போய், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அம்மா நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏண்டி சோம்பேறிக் கழுதைகளா, ரெண்டும் ஜோடி போட்டுக்கிட்டு உக்காந்தாச்சா? இந்தப் பஞ்சை உங்க மாமியாரா வந்து பிரிப்பா?"

மூத்தவள் கொட்டை பொறுக்கத் தொடங்கினாள். எவ்வளவு மெதுவாகப் பொறுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக.