கூரையில் ஒட்டிய குல்ஃபி

“அம்மா, குல்ஃபி ஏன் கூரையில ஒட்டிக்கிட்டு இருக்கு?” என்று ஸைமா தன் ஆறாவது வயதில் கேட்டாள். பாலாடையை எடுத்துவிட்டதால்தான் என்று சொல்லிவிட்டு, அவள் அம்மா ஃபக்ருன்னிசா முக்காலியில் ஏறி, தன் குல்ஃபிக் கடைக் கூரைத் தகரத்தில் ஒட்டியிருந்தவற்றைக் குச்சியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறக்கினாள். கொடைக்கானல் கடைவீதியில் அந்த வருடம் கேரட் விலை ஏறியது, பேரிக்காய் விலை இறங்கியது, குல்ஃபி மிதந்தது.

பாலாடையை எடுத்தது பக்கத்துக் கடை சின்னத்தாயிக்காக. பேரிக்காய் விற்கும் அவள், தினமும் கடை கட்டும் முன் ஒரு குல்ஃபி தின்பாள். நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்தபின் பாலாடை, நெய், கோவா எதையும் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் தன் பங்கை ஸைமாவிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்து உட்கார்வதை ஃபக்ருன்னிசாவால் தாங்க முடியவில்லை. ஆடையெடுத்த பாலில் தாண்டிக்குடி மலைவாழைப்பழத்தை மசித்து, ஏலம் தட்டிப் போட்டு, நெடுநேரம் அடித்து அச்சில் ஊற்றினாள். ருசி குறையவில்லை. கனம்தான் அடியோடு போய்விட்டது. தின்றவர்களும், அது வயிற்றில் கரையும் வரை, தரையை விட்டு எழும்பினார்கள். சுற்றுலா வந்தவர்கள் மடியில் வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு பை பேரிக்காய் வாங்கினார்கள். “எனக்கெதுக்குங்க பாரம்?” என்று வீம்பு பிடித்த ஒரு பருத்த மனிதர் கடைப் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்க நேர்ந்தது.

சின்னத்தாயி மட்டும், முதல் குல்ஃபியைத் தின்று முழங்கால் உயரத்தில் மிதந்தபடி அழுதாள்.

“ஏக்கா, ருசி சரியில்லையா?”

“ருசிக்கென்ன புள்ள. ஸைமா பொறக்கையில ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சு. ஒன்னய முதுகுல தூக்கிக்கிட்டு அந்தப் பக்க ஜீப்புக்குப் போனேன்ல? தாயும் புள்ளையும் பொழைச்சா பழனிக்குப் படியேறி வாரேன்னு நேந்துக்கிட்டேன். சோலி சோலின்னு போகல. இப்ப முட்டியும் போச்சு, நெஞ்சும் போச்சு. நேர்த்திக்கடனோடதான் சாவேன் போல.”

ஃபக்ருன்னிசா இதை அன்றுதான் கேள்விப்பட்டாள். “படியேற முடியாதவங்க போற வின்ச் வண்டியில போகலாம்லக்கா?”

“படின்னு நேந்துக்கிட்டு வின்ச்ல போனா சாமி சிரிக்காதா?”

“அப்ப இதத் தின்னுட்டு மெதந்தே போயிருங்க.”

“காலு படாமப் போனா அது நடையா? முருகனையே ஏமாத்தச் சொல்றியா நீ?”

பாலாடையைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. அதனால் கொஞ்சமாவது கனம் சேர, ஃபக்ருன்னிசா பழத்தைக் கூட்டினாள், அடிப்பதைக் குறைத்தாள். கடைத் தரையில் கோதுமை மாவைத் தூவி, குல்ஃபி தின்ற அக்காவை அதில் நடக்கவைத்தாள். முட்டி வலிக்கக் கூடாது. ஆனால் குதிகால் தடம் விழ வேண்டும். மழைக்காலம் முழுதும் கட்டைவிரல் மட்டுமே பதிந்தது, அல்லது முட்டி வலித்தது. மார்கழியில் ஒரு சாயங்காலம், கோழி நடந்தாற்போல் மெல்லிய, ஆனால் முழுமையான தடம் மாவில் விழுந்தது.

மறுநாள் பழனி பஸ்ஸில், குல்ஃபி வைத்த ஐஸ் பெட்டியை இருக்கைக் கம்பியோடு இறுக்கிக் கட்டினார்கள். “காலிப் பெட்டிக்கு எதுக்குக்கா இம்புட்டுக் கயிறு?” என்றார் நடத்துநர்.

“ஏலே, அவுத்துப் பாரு. ஒன் பஸ்ஸையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும்” என்றாள் சின்னத்தாயி. பெட்டிக்கும் டிக்கெட் போட்டார்.

இரவு சத்திரத்தில் தங்கி, வெள்ளனே எழுந்து அடிவாரத்துக்குப் போனபோது பனி மூட்டத்தில் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. சின்னத்தாயி குல்ஃபியைத் தின்று முதல் படியில் கால் வைத்தாள். காற்று தூக்கிவிடாமலிருக்க, ஃபக்ருன்னிசா அவள் முந்தானையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். தான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. மூச்சு வாங்க, தன் முழுக் கனத்தோடும் ஏறினாள். ஏறியவர்களும் இறங்கியவர்களும் அவரவர் வேண்டுதலோடு போனார்கள். ஒருவரும் இவர்களைக் கவனிக்கவில்லை.

மேலே, “இனி நீங்க போங்கக்கா” என்று முந்தானையை விட்டாள். சின்னத்தாயி கைகூப்பியபடி கூட்டத்துக்குள் மறைந்தாள். ஃபக்ருன்னிசா படியோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். பனி ஈரத்தில், மற்றவர் தடங்களுக்கு நடுவே, அக்கா ஏறிவந்த மெல்லிய தடம் படிக்குப் படி கீழே வரை தெரிந்தது, குதிகாலோடு. வெயில் ஏறியதும் அது காய்ந்துவிட்டது.