கைரியாவின் முதல் திருத்தம்

கெலிஓயாவில் முஹ்ஸின் நானாவின் புடவைக்கடைக்கு மேலே இருந்த அறையில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஜெஸ்மின் நாலைந்து பேரைக் கூட்டிவைத்து உட்காருவாள். கண்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. மிச்ச நேரமெல்லாம், கண் தெரியாதவர்களுக்குத் தமிழை வாசித்துச் சொல்லும் ஓர் இலவசச் செயலிக்குப் போனது.

அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தது, யாரும் திருத்தி அனுப்பலாம் என்று முகப்பில் எழுதியிருந்தார்கள். வந்தவர்கள்தான் நிற்கவில்லை. புதியவர்களுக்கென்று இருந்த வழிகாட்டிக் குறிப்பு அத்தனை பழையது. அதன்படி செய்தால் செயலி கணினியில் ஓடவே ஓடாது. ஜெஸ்மின் அதை ஒதுக்கிவிட்டு, புதியவர்கள் பக்கத்திலேயே இருந்து, அவர்கள் தடுமாறுகிற இடங்களைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதினாள்.

அந்தக் கூட்டத்தில் அனற் என்பவளும் இருந்தாள். பார்வையில்லாதவள், புசல்லாவைக்காரி. செயலி அவள் பெயரை 'அனர்' என்றுதான் வாசிக்கும்.

"என் பேரையே கொலை பண்ணுது. யாராச்சும் கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

கேட்டது கைரியா. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், நிரல் எழுதப் பழகி நான்கு மாதம்கூட இல்லை. இலங்கைப் பெயர்களின் கடைசியில் 'ற்' வந்தால் 'ர்' என்றில்லாமல் 'ட்' போல ஒலிக்கவேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாள்.

செயலியைத் தொடங்கியவர் கொழும்பிலிருந்த றொட்னி. அவர் திருத்தத்தை ஏற்காமல் மூடிவிட்டு, எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே எழுதினார்: 'அரிச்சுவடி படிக்க வேறு இடம் பாருங்கள்.'

கைரியா மடிக்கணினியை மூடினாள். "எனக்கு இது ஏலாது ஜெஸ்மின். நான் போறன்."

"உக்காருங்க," என்றாள் ஜெஸ்மின். உடனே றொட்னிக்கு அழைத்தாள். "திருத்தத்துல என்ன பிழை, சொல்லுங்க."

"திருத்தம் சரியா வேலை செய்யுதான்னு பாக்கிற சோதனை நிரல் எழுதல. இதெல்லாம் சொல்லிக் குடுக்க எனக்கு நேரமில்ல. இது ஸ்கூல் இல்ல, ஜெஸ்மின்."

"அந்த ஒரு வரிய அவகிட்ட சொல்லியிருக்கலாமே! நீங்க சொல்லாட்டி நான் சொல்றேன். மூடினத நான் திறக்கிறேன்."

"திறந்தா, நிரல்ல கைவைக்க உங்களுக்குக் குடுத்த அனுமதிய எடுத்துருவேன்."

"எடுங்க."

அவள் திறந்தாள். என்ன குறை என்று கைரியாவுக்குப் பொறுமையாக எழுதினாள். கைரியா உதட்டைக் கடித்துக்கொண்டு சோதனையை எழுதினாள். இரண்டு முறை பிழைத்தது, மூன்றாவதில் சரிவந்தது. ஜெஸ்மின் திருத்தத்தைச் சேர்த்தாள். இருட்டுவதற்குள் றொட்னி அதை நீக்கினார், அவள் அனுமதியையும் பறித்தார்.

ஜெஸ்மின் கலங்கவில்லை. நிரல் திறந்ததுதானே. முழுவதையும் பிரதியெடுத்து, புது வழிகாட்டியோடு தனியாக வெளியிட்டாள். போனில் அதைப் போட்டதும், தன் பெயர் தன் பெயராகவே ஒலித்ததைக் கேட்டு அனற் சத்தம்போட்டுச் சிரித்தாள். பார்வையற்றோர் சங்கத்தில் ஒருத்தர் விடாமல் எல்லோரிடமும் அதைச் சொன்னாள். அங்கிருந்தவர்கள் அந்தப் பதிப்புக்கு மாறினார்கள்; நிரல் எழுதத் தெரிந்த சிலர் சனிக்கிழமைகளில் வந்தும் சேர்ந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து றொட்னி அழைத்தார். "அந்தத் திருத்தத்த நாங்களும் எடுக்கலாம்னு பாக்கிறோம்."

"தாராளமா எடுங்க. கைரியாட பேரோட எடுக்கணும். நீங்க எழுதினதுக்கு அவகிட்ட, அதே இடத்துல, மன்னிப்பும் கேக்கணும்."

"கேக்காட்டி?"

"எங்களுக்கு ஒண்டும் குறையாது. நாங்க இங்கதான் இருப்போம்."

அன்று மாலையே மன்னிப்பு வந்தது, ஒரே வரியில். கைரியா அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு, வத்தேகமயிலிருந்து புதிதாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜஹானாவின் பக்கம் கதிரையைத் திருப்பி, "எங்க நிண்டுட்டீங்க? காட்டுங்க," என்றாள்.